மூல நட்சத்திரத்தில் பிடித்த கிரகணம்

ஹம்ஸா மேடம் காப்பாற்றிய மாமனார்கள் ஸ்ரீரங்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை எனக்கே காட்டியிருக்கிறார். பள்ளி விட்டு நாங்கள் இருவரும் கீழச் சித்திரை வீதியில் நடந்து வந்துகொண்டிருந்தோம். வெள்ளை வேட்டியும் கையில் கீரைக்கட்டு நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் பையுமாக ஒரு பெரியவர் ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியிருக்கும். குரல் மட்டும் வீதியின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

“அதோ பாரு அனுசுயா. அந்த மாமாவோட ரெண்டாவது பிள்ளையை நான் கல்யாணம் பண்ணிண்டிருந்தா, அவர் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணும். ஜோசியர் அப்படித்தான் சொன்னார். இப்போ என்ன தெம்பா கத்தறார் பாத்தியா? எல்லாம் என் புண்ணியம்.”

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இதில் சிரிக்க என்ன இருந்தது என்று தோன்றியது.

மேடம் பிறந்தது மூல நட்சத்திரத்தில். அந்த நட்சத்திரத்துப் பெண் மருமகளாக வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று பயப்படுகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மேடத்தைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாருமே அந்த மாதிரிக் குடும்பங்கள். ஜாதகம் பார்க்கிற வரைக்கும் பெண் லட்சணமாக இருக்கிறாள், எம்.எஸ்சி. படித்திருக்கிறாள் என்பார்கள். பிறகு ஃபோன் வராது. அப்பா இருந்தவரைக்கும் அவர் அலைந்தார். அவர் போன பிறகு அலைய ஆளில்லை. அம்மா வைஜயந்தி மாமியும் மேடமும் மட்டும் அந்த வீட்டில் மிஞ்சினார்கள். நான் பள்ளியில் சேர்ந்தபோது மேடத்துக்கு நாற்பத்து நான்கு வயது. பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கீழ்வகுப்புகளுக்கு அறிவியல். தொட்டியம் பக்கத்துக்காரி. அப்பா அடுத்தவர் தோட்டங்களில் வாழைத்தார் வெட்டுகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்தது நான்தான் முதல். ஒரு பட்டம் வாங்கிவிட்டால் உலகத்தில் பாதியாவது புரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஹம்ஸா மேடத்தைப் பார்க்கிற வரைக்கும்.

மேடத்திடம் ஒரு டெலஸ்கோப் இருந்தது. தன் கல்யாணத்துக்கென்று அப்பா சேர்த்து வைத்திருந்ததில் ஒரு பகுதியை எடுத்து, நாற்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத்தானே வாங்கிக்கொண்டது. ஆளுயரத்தில் பாதி இருக்கும் வெள்ளைக் குழாய். அடியில் ஒரு குழிக் கண்ணாடி. வருகிற ஒளியை அது திருப்பி அனுப்ப, குழாயின் பக்கவாட்டில் இருக்கிற சின்ன லென்ஸில் கண் வைத்துப் பார்க்க வேண்டும். சாயங்காலம் மொட்டை மாடியில் அதை வைத்து நிலாவையும் வியாழனையும் பார்ப்பார். பார்த்ததை யாரிடமும் பெரிதாகச் சொல்ல மாட்டார்.

2019 டிசம்பரில் வளையச் சூரிய கிரகணம் வருகிறது, அது திருச்சிக்கு மேலாகவே போகிறது என்று செய்தி வந்தபோதுதான் அவர் மாறினார். நிலா சூரியனை முழுக்க மறைக்க முடியாமல், சுற்றிலும் ஒரு நெருப்பு வளையம் மிஞ்சும். அதிகம் போனால் இரண்டு மூன்று நிமிடம். இதெல்லாம் செய்தித்தாளில் இருந்தது. பஞ்சாங்கத்தில் வேறொன்று இருந்தது. கிரகணம் பிடிப்பது மூல நட்சத்திரத்தில்.

ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்: “என் நட்சத்திரத்துல சூரியனைப் பிடிக்கறதாம். பிடிக்கட்டும். நான் அதைப் பிடிச்சுக் காட்டறேன்.”

அன்று சாயங்காலமே கூடத்துச் சுவரில், உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்க்கிற இடத்தில், ஒரு ஆணி அடித்தார். படம் எடுப்பதற்கு முன்பே ஆணி. ஜாதகக் கட்டை விரித்து வைத்துப் பேசிய அதே கூடம். “வரவா எல்லாரும் பாக்கணும். என் நட்சத்திரத்துல, என் கையால எடுத்தது. யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னு பாக்கணும்” என்றார்.

கேமரா வாங்க மலைக்கோட்டைக்குக் கீழே நவ்ஷாத் பாயின் ஸ்டுடியோவுக்குப் போனோம். ஜவுளிக் கடைகளுக்கு நடுவில் குறுகலான படியேறிப் போக வேண்டும். பாய் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். புது கேமரா வந்துவிட்டதால் பழையதைத் தர ஒத்துக்கொண்டார்.

“எத்தனையோ தாலி பாத்த கேமரா மேடம் இது. ராசியானது.”

“அப்படியா? சூரியனைப் பாத்துக் கெட்டுப் போகாதே?”

“முன்னாடி ஃபில்டர் போட்டுட்டீங்கன்னா ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணு மேடம். கல்யாணத்துல மாலை மாத்தறப்போ நான் விட்டுட்டேன்னு வைங்க, ‘மாப்ளை, இன்னொருவாட்டி போடுங்க’ன்னுடுவேன். சிரிச்சுக்கிட்டே போடுவாரு. உங்க மாப்ளை ரீடேக் குடுக்க மாட்டாரு.”

“எனக்கு எந்த மாப்பிள்ளையும் ரெண்டாவது தடவை வந்ததில்லை பாய். பழக்கம்தான்.”

பாய் சட்டென்று கேமராவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு உதவிக்கு வர முடியுமா என்று கேட்டதற்கு, “பள்ளிவாசல்ல கிரகணத் தொழுகை இருக்கு மேடம். அதை விட முடியாது. நீங்க நல்லா எடுங்க, இன்ஷா அல்லாஹ்” என்றார்.

கேமராவை டெலஸ்கோப்பில் மாட்டுவது கேட்பதற்கு எளிது. கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் ஒரு உலோக வளையத்தைத் திருகி, வளையத்தோடு சேர்ந்த குழலை டெலஸ்கோப்பின் பக்கவாட்டில் செருக வேண்டும். அப்போது அந்த நீளக் குழாயே கேமராவுக்கு லென்ஸ் ஆகிவிடும். மாட்டினோம். முன்பக்கம் வெள்ளித்தாள் போன்ற சூரிய ஃபில்டரைப் பொருத்தினோம். கண் வைத்துப் பார்த்தபோது சில்லுக் கருப்பட்டி மாதிரி விளிம்பு தெளிவாகத் தெரிந்த சூரியன், கேமராவில் வெறும் மங்கல் வட்டமாகத்தான் வந்தது. எவ்வளவு திருகினாலும் தெளியவில்லை.

காரணத்தை மேடமே கண்டுபிடித்தார். பிம்பம் குழாய்க்கு வெளியே கொஞ்ச தூரத்தில்தான் விழுகிறது. கேமராவில் படம் பதிகிற தகடோ அதற்கும் தள்ளி, உடம்புக்குள் ஆழத்தில் இருக்கிறது. ஆகவே கேமரா உள்ளே போக வேண்டும், போக இடமில்லை. அப்படியானால் பிம்பம்தான் வெளியே வர வேண்டும். காந்தி மார்க்கெட் பக்கம் நீளமான போல்ட் வாங்கி வந்து, அடியில் இருந்த குழிக் கண்ணாடியைக் கழற்றி, இன்னும் மேலே தூக்கிப் பொருத்தினார். பத்து நாள் சாயங்காலம் அதற்கே போனது. ஒரு சனிக்கிழமை காலை, கேமராத் திரையில் சூரியன் கத்தியால் வெட்டிய மாதிரி வந்து நின்றது. மேடம் கையைத் தட்டிக்கொண்டு குதித்தார். அவர் குதித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்த நாட்களில் மாமியும் மாடிக்கு வருவார். வடாம் காயப் போட வருவதாகச் சொல்லிக்கொண்டு வருவார். மார்கழி வெயிலில் என்ன வடாம். மகள் என்ன செய்கிறாள் என்று பார்க்கத்தான். ஒரு நாள் கேமராவின் லென்ஸைக் கழற்றி மூடாமல் வைத்துவிட்டு மேடம் கீழே போக, திரும்பி வந்து பதறினார்.

“அம்மா, இதை வாய் திறந்து வைக்கவே கூடாதும்மா. உள்ள ஒரு தூசி போனாலும் போச்சு. நான் மறந்துட்டா நீயாவது மூடி வை. இப்படி வச்சு, இப்படித் திருகணும்.”

மாமி மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டார். “ஊறுகா ஜாடி மாதிரிதானே. சரி, நான் பாத்துக்கறேன்” என்றார். அதன் பிறகு மேடம் மறந்தாலும் மாமி மறக்கவில்லை.

கிரகணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நான் அங்கே போனபோது தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமி கையில் மஞ்சள் தடவிய ஓலைத் துண்டு ஒன்று இருந்தது. கிரகணம் எந்த நட்சத்திரத்தில் பிடிக்கிறதோ, அந்த நட்சத்திரக்காரர்கள் சுலோகம் எழுதிய பட்டத்தை நெற்றியில் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்து, விட்டதும் தானம் கொடுத்துவிட வேண்டும். அது அவர்கள் வழக்கம்.

“கட்டிக்கோடி. வெளியில போய்த்தான் நிப்பேன்னா இதைக் கட்டிண்டாவது நில்லு.”

“நான் என்ன கோவில் குதிரையா, நெத்தியில கட்டிண்டு நிக்க?”

“உன் நட்சத்திரம்டி. ஊர்ல மத்தவா நட்சத்திரமா? பயமா இருக்கு.”

“எதுக்கும்மா பயம்? இந்த நட்சத்திரம் இதுவரைக்கும் பண்ணினதை விட இன்னும் என்ன பண்ணிடும்?”

மாமி ஓலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். மேடம் என்னைப் பார்த்து, “நாளைக்குச் சீக்கிரம் வந்துடு” என்றார்.

மறுநாள் காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது அம்மா ஊரிலிருந்து ஃபோன் செய்தாள். அக்கா அப்போது மாசமாக இருந்தாள். “அவள உள்ற வச்சுக் கதவ சாத்திட்டேன். ஜன்னலுக்கும் போர்வை கட்டிட்டேன். நீயும் வெளிய சுத்தாத” என்றாள். எட்டாம் வகுப்புக்குக் கிரகணப் பாடம் நடத்துகிறவள் நான். “சரிம்மா, அக்காவ எட்டிக்கூடப் பாக்க வேணாம்னு சொல்லு” என்றேன்.

மேடம் வீட்டில் நான் எப்போதும் பக்கவாட்டுப் படி வழியாகத்தான் மாடிக்குப் போவேன். அன்றைக்கு மாமி ஜன்னல் வழியாகச் சொன்னார்: “அனுசுயா, நான் மடியா இருக்கேன், நீ வெளியிலேர்ந்தே போயிடும்மா.” மற்ற நாட்களில் சொல்ல மாட்டார். சொல்லாமலே தெரியும். ஜன்னல் வழியாக நான் பார்த்தபோது மாமி சமையலறையில் ஒவ்வொரு பாத்திரமாகத் தர்ப்பைப் புல் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குடம், தயிர், நெய், ஊறுகாய் ஜாடி. கிரகணத் தோஷம் எதிலும் இறங்காமல் இருக்க. மேடம் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார். அவர் இதையெல்லாம் நம்பாதவர்தான். ஆனால் பிடிக்கும்போது குளிக்க மாட்டேன் என்று சொல்ல மட்டும் அவரால் முடிந்ததில்லை.

ஈரத்தலையைத் துண்டால் முடிந்துகொண்டு, கூடத்து மேஜையில் மூடியோடு இருந்த கேமராவை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். எப்போதும் போல, தூசி விழாமல் இருக்க வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி மூடியைத் திருகி எடுத்து, உடனே வளையத்தை மாட்டினார். குழாயில் செருகினார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

சூரியனின் ஒரு மூலையில் கறுப்பு தெரிந்தது. மேடம் படம் எடுக்க ஆரம்பித்தார். கடித்த அதிரசம் போல ஒன்று. பிறகு பாதி. பிறகு பிறை. ஒவ்வொன்றும் திரையில் பளிச்சென்று வந்தது. வீதியில் ஆள் இல்லை. கோவில் பக்கம் சத்தமே இல்லை. வெயில் இருந்தது, ஆனால் சூடு குறைந்து, பழைய வெயில் மாதிரி இருந்தது. கீழே கூடத்துக் கதவுக்குப் பின்னாலிருந்து மாமி சகஸ்ரநாமம் சொல்லும் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம்தான். வளையம் வந்ததும் விடாம எடுக்கப் போறேன். நீ கண்ணாடி போட்டுண்டு பாரு. ஆரம்பிச்ச உடனே சொல்லு” என்றார்.

பிறையின் இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று தொடப் போகிற நேரம். மேடம் பட்டனை அழுத்தினார். கேமரா வழக்கமான சத்தத்துக்குப் பதிலாக, பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம் போட்டு நின்றது. திரை கறுத்து, ‘எரர்’ என்று காட்டியது.

அணைத்துப் போட்டார். எரர். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். எரர். கேமராவைக் குழாயிலிருந்து உருவி, வளையத்தைக் கழற்றி, வெளிச்சத்துக்குக் காட்டி உள்ளே பார்த்தார்.

“மேடம், வந்துடுச்சு” என்றேன்.

வளையம் வந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நடுவில் கன்னங்கரேலென்று ஒரு ஓட்டை. சுற்றிலும் மெல்லிசாக நெருப்பு. எங்கும் விட்டுப்போகாத வட்டம். காக்கைகள் ஏதோ கேட்டுக்கொண்டன.

“மேடம், பாருங்க மேடம்.”

“இரு, இரு. உள்ள என்னமோ சிக்கிண்டிருக்கு. எடுத்துட்டேன்னா ஒரு படம் போறும். ஒண்ணு போறும்.”

அவர் சூரியனுக்கு முதுகைக் காட்டி, சுவரோரம் குந்தி உட்கார்ந்து, புருவம் எடுக்கிற சின்ன இடுக்கியைக் கேமராவுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். கிரகணக் கண்ணாடி அவர் கழுத்தில்தான் தொங்கியது. நான் இன்னொரு முறை கூப்பிட்டேன். தோளைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? அந்த வீட்டில் சொல்லாமல் எதையும் தொடுவதில்லை என்று என் கைக்குப் பழகிப்போயிருந்ததா, அல்லது எனக்கே வானத்திலிருந்து கண்ணை எடுக்க மனமில்லையா? இரண்டில் எது என்று எனக்குத் தெளிவாகவில்லை.

வளையம் ஒரு பக்கம் அறுந்தது. வெயிலுக்குச் சூடு திரும்ப ஆரம்பித்தது.

“வந்துடுத்து” என்றார் மேடம். எதைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். இடுக்கியின் நுனியில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு காய்ந்த புல். தர்ப்பை.

அவர் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். அங்கே வெறும் பிறைதான் இருந்தது. கேமராவை மூடியால் மூடினார். திருகினார். சரியாக மூடியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

கிரகணம் விட்டு, மாமி குளித்து, ஈரப் புடவையோடு மாடிக்கு வரும் வரைக்கும் நாங்கள் அப்படியேதான் இருந்தோம்.

“விட்டுடுத்து. நீயும் போய்த் தீர்த்தமாடிட்டு வா. ஏண்டி, எடுத்தியா?”

மேடம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மாமி குனிந்து பார்த்தார். முகத்தில் ஒரு பயமும் இல்லை. தொலைந்த பொருள் கிடைத்தது மாதிரி, “அட, அதுக்குள்ளயே இருந்துதா?” என்றார்.

“நீதான் போட்டியா?”

“நான்தான். பட்டம் கட்டிக்க மாட்டேன்னுட்டே. நான் என்ன பண்றது? உன் கையில இருக்கறதுலயாவது இருக்கட்டும்னு ஒரு நுனி கிள்ளிப் போட்டு, நீ சொன்ன மாதிரியே மூடித் திருகி வச்சேன். தூசி ஒண்ணும் போகலையே?”

“அதுல போய் மாட்டிண்டு நின்னு போச்சும்மா. வளையம் போயிடுத்து. படம் இல்லை. நான் பாக்கவும் இல்லை.”

மாமி மகளின் ஈரத்தலையில் கை வைத்து, ரொம்பவும் பிரியமாகச் சொன்னார்: “போனா போறது விடு. அது இருந்ததனாலதான் உனக்கு ஒண்ணும் ஆகலை. நன்னா இருக்கியோன்னோ?”

மேடம் தலையை நிமிர்த்தவில்லை. “நன்னாத்தாம்மா இருக்கேன்” என்றார்.

கேமராவை எடுத்துக்கொண்டு போனபோது நவ்ஷாத் பாய் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். “இதுக்குள்ள அட்சதை பாத்திருக்கேன், பன்னீர் பாத்திருக்கேன். புல்லு இப்பதான் பாக்கறேன். ஷட்டர் வளைஞ்சு போச்சு மேடம்” என்றார். மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “வாட்ஸ்அப்புல எவ்வளவோ வந்திருக்கு. நல்லதா ஒண்ணைப் பெருசா பிரிண்ட் போட்டுத் தரேன். நீங்க எடுத்ததாவே இருக்கட்டுமே, யாருக்குத் தெரியப் போகுது?” என்று கேட்டார்.

“வேண்டாம் பாய். எவளுக்கோ கட்டின தாலியை நான் போட்டுண்ட மாதிரி இருக்கும்.”

லீவு முடிந்து பள்ளி திறந்ததும் பிள்ளைகள் படம் கேட்டார்கள். எடுக்கப் போவதாக அவர்களிடம் அவர்தானே சொல்லி வைத்திருந்தார். “மேகம் மறைச்சுடுத்து” என்றார். “மேகமே இல்லையே மேடம், நாங்க ஃபுல்லா பாத்தோமே” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. மேடம் கரும்பலகைப் பக்கம் திரும்பி, தேதி எழுத ஆரம்பித்தார். அம்மாவைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க அவரிடம் வேறு பொய் இருந்திருக்காதா? இருந்திருக்கும். தேட அவருக்குத் தெம்பில்லை என்று நினைக்கிறேன்.

போன மாதம் எனக்கு உப்பிலியபுரம் பக்கத்தில் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். மாமி என்னைக் கூடத்துக்குள்ளேயே கூப்பிட்டு உட்கார வைத்தார். வயது ஏற ஏற அதெல்லாம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. மேடம் காப்பி கலக்க உள்ளே போனார். டெலஸ்கோப் மூலையில் பழைய புடவை போர்த்தி நின்றது. 2031-இல் மதுரைப் பக்கம் இன்னொரு வளையம் வருகிறதே, போகலாமா மேடம் என்று உள்ளே பார்த்துக் கேட்டேன். “அப்போ அம்மாவுக்கு என்ன வயசாகும் சொல்லு. யார் பாத்துப்பா?” என்று பதில் வந்தது. காப்பிக்கு எத்தனை ஸ்பூன் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

ஆணி அதே இடத்தில் இருந்தது. நகைக்கடைக் காலண்டர் ஒன்று தொங்கியது. சில தேதிகளைச் சுற்றிச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்ததைப் பார்த்து, அது என்ன மாமி என்று கேட்டேன்.

“மூல நட்சத்திரம் வர நாள்மா. மாசாமாசம் இவள் பேர்ல அர்ச்சனை பண்றேன். மறந்துடக் கூடாதோன்னோ” என்றார்.

கை நடுங்கும் வயது. ஆனாலும் ஒவ்வொரு வட்டத்தையும் நிதானமாக, எங்கும் விட்டுப்போகாமல் போட்டிருந்தார்.